அருகம்புல் மேல் ஒரு தார்ப்பாய்

கம்பெனி வாசல் புல்வெளியில் அண்ணியும் நாத்தனாரும் குந்தியிருந்து களை பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். நட்டுவைத்த புல்லுக்கு இலை அகலம். மண்ணுக்கு மேலேதான் ஓடும். நடுவில் பொடி இலையோடு புகுந்திருந்தது அருகம்புல். இழுத்தால் மேல்கொடி கையோடு வந்தது; அடியில் ஓடும் வெள்ளைக்கொடி அறுந்து மண்ணுக்குள்ளேயே தங்கியது.

முதலில் ஒரு பாய் அகலம்தான் இருந்தது. அண்ணி வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, சூப்பர்வைசர் உழவு மெஷினை இறக்கினார். மூன்றே வாரத்தில் ஓர் அறை அகலத்துக்குப் படர்ந்துவிட்டது. பழி மட்டும் இவர்கள் தலையில் விழுந்தது.

"முதலாளி வர ரெண்டு மாசம் இருக்கு. அதுக்குள்ள இது போகலன்னா வேற ஆள் பாத்துக்கிறேன்" என்றார் சூப்பர்வைசர்.

அண்ணி விரல் நீளத் துண்டு ஒன்றை நீட்டினாள். "இந்தக் கணு ஒண்ணு மண்ணுல கெடந்தாப் போதும் சார், மொளைச்சிடும். மெஷின் அதைத்தான் நறுக்கி நறுக்கி வெதைச்சிருக்கு. வெயில்னா இதுக்குக் கொண்டாட்டம். அந்த வெயிலை வச்சே வேக வைக்கணும். ஒரு தார்ப்பாய் வாங்கிக் குடுங்க."

"அதுக்கெல்லாம் மேல கேக்க முடியாது."

மறுநாள் அண்ணி தன் வீட்டுக் கூரை மேல் கட்டியிருந்த கறுப்புத் தார்ப்பாயையே அவிழ்த்துக்கொண்டு வந்தாள். நாத்தனார் பாயின் ஒரு முனையைப் பிடித்து நிறுத்தினாள். "மழை வந்தா என்ன அண்ணி பண்ணுவே?"

"வேலை போச்சுன்னா அந்தக் கூரைக்கு வாடகை யாரு குடுப்பா?"

தண்ணீர் விட்டு, பாயை விரித்து, ஓரம் சுற்றிலும் மண்ணை அள்ளி அடைத்தாள். வெளியே தலை நீட்டிய கொடியை அன்றன்றே தோண்டி எடுத்தாள். போகிறவர் வருகிறவரெல்லாம் கேலி செய்தார்கள். "புல்லுக்குப் போர்வையா?" என்றால், "ஆமா, குளிருதாம்" என்பாள்.

முதலாளி வர நாலு நாள் இருக்கும்போது பாயை எடுத்தாள். ஒரு முழம் தோண்டிப் பார்த்தாள். வெள்ளைக்கொடி பழுப்பேறி, சுள்ளி மாதிரி ஒடிந்தது. நாத்தனார் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். கம்பெனியின் பின்புறத்துப் புல்லைக் கட்டி கட்டியாகப் பெயர்த்து வந்து இருவரும் பதித்தார்கள். பாயை மட்டும் காவலாளி வெளியே விடவில்லை. சூப்பர்வைசரின் சீட்டு வேண்டுமாம். அவரோ நாளைக்கு, நாளைக்கு என்று இழுத்தடித்தார்.

முதலாளி வந்த அன்று வானம் இருட்டிக்கொண்டு நின்றது. அவர் புல்வெளியைச் சுற்றிப் பார்த்து, "யார் பண்ணினது?" என்றார்.

"நம்ம புது முறை சார்" என்றார் சூப்பர்வைசர்.

அண்ணி கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்தாள். "அந்தப் புது முறைக்கு விரிச்சது என் வீட்டுக் கூரைப் பாய் சார். நாலு நாளா சீட்டு கேக்குறேன். மழை வருது."

சூப்பர்வைசர் செருப்பைப் பார்த்தார். முதலாளி, "எழுதிக் குடுங்க. இனிமே புல்லு விஷயம் இந்தம்மா சொல்றபடி நடக்கட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அண்ணிக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

வாசலில் காவலாளி சீட்டை உரக்கப் படித்தான்: "கம்பெனியின் பழைய தார்ப்பாய் ஒன்று, இலவசமாக."

நாத்தனார் சண்டைக்குத் திரும்பினாள். அண்ணி அவள் கையைப் பிடித்து நிறுத்தி, காவலாளியின் பேனாவை வாங்கினாள். 'கம்பெனியின்' என்பதை அடித்து 'என்' என்று எழுதினாள். 'இலவசமாக' என்பதையும் அடித்தாள்.

தூறல் பிடித்துக்கொண்டது. பாயைத் தலைக்கு மேல் பிடித்தபடி இருவரும் சிரித்துக்கொண்டே தெருவில் இறங்கினார்கள். இரண்டு மாத வெயிலில் பாய் பொரிந்து போயிருந்தது. பத்தடி போவதற்குள் நாலைந்து இடத்தில் ஒழுகத் தொடங்கியது.