ஒலிபெருக்கியில் கேட்ட மூச்சு

விலங்குக் காட்சிசாலையில் யானை நாள் என்று சொல்லி நாத்தனார் இரண்டு அனுமதிச் சீட்டுகளை நீட்டியபோது அவள் உடனே சரி என்று சொல்லவில்லை. மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பது அவள் வேலை. கிடைக்கிற ஒரு நாள் விடுப்பையும் யானைக்குக் கொடுக்க மனமில்லை. தவிர, யானை என்ற பேச்சே சில மாதங்களாக அந்த வீட்டில் எழுவதில்லை.

அவள் கணவன் அதே காட்சிசாலையில் யானைக் காப்பாளனாக இருந்தவன். போன மழைக்காலத்தில் கொட்டகையின் இரும்புக் கதவு காற்றில் அறைந்து சாத்திக்கொண்டது. மிரண்டு திரும்பிய யானை அவனைச் சுவரோடு வைத்து நெருக்கிவிட்டது. அவளுடைய மருத்துவமனைக்குத்தான் தூக்கி வந்தார்கள். எல்லோரிடமும் சொல்வதைப்போல அவனிடமும், "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்றாள். அவனால் இழுக்க முடியவில்லை. படம் திரையில் வந்தபோது விலா எலும்புகளில் மூன்று முறிந்திருந்தன. அன்று முதல் அவள் ஒரே பிடியாக நின்றாள். இனி யானைப் பக்கம் போகக்கூடாது. அவனும் தலையாட்டினான். தேறி வேலைக்குப் போன முதல் நாளே, "பறவைக் கூண்டுக்கு மாத்திட்டாங்க" என்று வந்து சொன்னான். அதற்குப் பிறகுதான் அவளுக்குச் சோறு இறங்கியது.

"சும்மா வாங்க அண்ணி. அண்ணன் கிளிக்குக் கொட்டை உடைச்சுப் போடறதையும் பாத்துட்டு வரலாம்" என்றாள் நாத்தனார்.

கிளி என்றதும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஒரு கிழட்டுக் கிளி அவன் சட்டைப் பொத்தானைத் திருடுவது பற்றி தினம் ஒரு கதை வீட்டுக்கு வரும். போனால் போகிறது என்று கிளம்பினாள்.

வாசலிலேயே கூட்டம் நெரிந்தது. வருகிறவர்கள் தலையிலெல்லாம் அட்டையில் வெட்டிய சாம்பல் நிறக் காதுகளை மாட்டிவிட்டார்கள். இயல்பிலேயே காது பெரிதான நாத்தனார் தனக்கொன்று வாங்கி மாட்டிக்கொண்டு, "எனக்குத் தனியா இது தேவையான்னு யாரும் கேக்கக்கூடாது" என்றாள். யானைத் திடலின் முகப்பில் பலூன்களால் பெரிய வளைவு கட்டியிருந்தார்கள். காற்றில் அது ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்தது. யார் இதை இங்கே கட்டச் சொன்னது என்று அவள் முணுமுணுத்தாள்.

"பறவைப் பக்கம் முதல்ல போயிடலாமா?" என்று கேட்டாள்.

"இருங்க அண்ணி, இதோ ஆரம்பிக்கப் போறாங்க."

அப்போது ஒலிபெருக்கி கரகரத்தது. "எல்லாருக்கும் வணக்கம். இவ பேரு சீமாட்டி. நாங்க வெச்ச செல்லப்பேரு. சாப்பாடு அஞ்சு நிமிஷம் தாமதமானா போதும், மூஞ்சியத் திருப்பிக்குவா."

கூட்டம் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. அந்தக் குரல் காலையில் அவளிடம், சாவி எங்கே என்று கேட்ட குரல்.

ஆட்களின் தோள்களுக்கு இடையே எட்டிப் பார்த்தாள். தடித்த கம்பித் தடுப்புக்கு வெளியே, தரையில் வரைந்திருந்த மஞ்சள் கோட்டின் மேல், காதோரம் ஒலிவாங்கி மாட்டி நின்றிருந்தான் அவன். தடுப்புக்கு அந்தப் பக்கம் மலைபோல் யானை.

அவள் மெதுவாகத் திரும்பி நாத்தனாரைப் பார்த்தாள். நாத்தனார் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும். அண்ணன் என்கிட்ட சத்தியம் வாங்கிட்டான். சொல்ல மாட்டேன்னுதான் சத்தியம் பண்ணேன் அண்ணி, காட்ட மாட்டேன்னு பண்ணல." பிறகு தாழ்ந்த குரலில், "எனக்கும் தூக்கம் வரல. ஒருத்தியா வெச்சுக்க முடியல" என்றாள்.

அவளுக்குக் கோபம் வர நேரமில்லை. அவன் கோட்டைத் தாண்டிக் கம்பியை ஒட்டிப் போய்விட்டிருந்தான். பாதத்தைச் சோதித்துக் காட்டப் போவதாகச் சொன்னான். கம்பிகளுக்கு இடையே இருந்த திறப்பின் வழியாக யானை முன்காலைத் தூக்கி வைத்தது. அவன் குந்தி உட்கார்ந்து நகத்தைத் தேய்க்க ஆரம்பித்தான். துதிக்கை அவன் தலைக்கு மேலே கம்பி வழியாக வந்து ஆடியது.

என்னங்க என்று கத்த வாய் வந்தது. கத்தினால் யானை மிரளும் என்று நினைவு வந்ததும் சேலைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டாள். கண்ணை மூடினால் இன்னும் மோசமாக இருந்தது. திறந்தே வைத்திருந்தாள்.

அந்த நேரம் பார்த்துக் காற்று ஓங்கி வீசியது. பலூன் வளைவின் ஒரு முனை கட்டவிழ்ந்து எழும்பி, தடுப்பின் மேல் கம்பிகளில் மோதியது. படபடவென்று பலூன்கள் வெடித்தன.

யானை காலை உருவிக்கொண்டது. பிளிறல் நெஞ்சுக்குள் இறங்கியது. உடல் முழுவதும் திரும்பித் தடுப்பில் இடிக்க, கம்பிகள் அதிர்ந்தன. ஜனங்கள் பின்னுக்குத் தள்ளிக்கொண்டு நகர்ந்தார்கள். அவளை யாரோ இடித்தார்கள். அட்டைக் காதுகள் காலடியில் மிதிபட்டன. அவன் எங்கே என்று தெரியவில்லை.

ஒலிபெருக்கியில் மட்டும் மூச்சு கேட்டது. ஒலிவாங்கியை அவன் அணைக்கவில்லை. வேகமான, பாதியில் நிற்கிற மூச்சு. இழுக்கிறது, நிற்கிறது, மறுபடி இழுக்கிறது. அவ்வளவு பெரிய திடலும் அதைக் கேட்டுக்கொண்டு நின்றது. எங்கே வலித்தால் மூச்சு அப்படி நிற்கும் என்று அந்தக் கூட்டத்தில் அவளுக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னே போகப் பார்த்தாள். நாத்தனார் அவளை இடுப்போடு பிடித்துக்கொண்டாள்.

பிறகு குரல் வந்தது. "யாரும் ஓடாதீங்க. சத்தம் போடாம அப்படியே நில்லுங்க." கொஞ்சம் நிறுத்தி, வேறு குரலில், "ஒண்ணுமில்லடி. ஒண்ணுமில்ல. போயிடுச்சு, பாரு" என்றது. அது யானைக்கு.

கூட்டம் விலகிய இடைவெளியில் அவன் தெரிந்தான். மஞ்சள் கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்து நின்றிருந்தான். முழங்கை சிராய்த்திருந்தது, வேறொன்றுமில்லை. யானை திடலின் கோடியில் நின்று காதுகளை விரித்திருந்தது. அவன் அதைக் கூப்பிடவில்லை. "இப்ப இது போதுங்க. அவளும் பயந்துட்டா, நானும் பயந்துட்டேன். ரெண்டு பேருக்கும் கொஞ்ச நேரம் வேணும். சாயங்காலம் வாங்க" என்று சொல்லிவிட்டு ஒலிவாங்கியைக் கழற்றினான்.

தீவன அறையின் பின்பக்கக் குழாயடியில் அவனைப் பிடித்தாள். கையைக் கழுவிக்கொண்டிருந்தான். சோப்பு நழுவி நழுவிப் போயிற்று. அவளைக் கண்டதும் குழாயை மூடவும் மறந்தான்.

"கிளிக் கதையெல்லாம் யாரோடது?" என்று கேட்டாள்.

"பறவைக் காப்பாளர் சாப்பிடும்போது சொல்றது." தலை குனிந்திருந்தது. "எனக்கு அடிபட்டதுக்கு அப்புறம் உள்ள யாரும் போறதில்ல, கம்பிக்கு வெளியேதான் வேலை. அதச் சொன்னா நீ நம்புவியா?"

"நம்பியிருக்க மாட்டேன். ஆனா சொல்லியிருக்கணும். நான் பாட்டுக்கு அங்க ஊரார் எலும்பையெல்லாம் படம் எடுத்துக்கிட்டு, நீங்க பத்திரமா இருக்கீங்கன்னு நிம்மதியா இருந்தேன் பாருங்க, அதுதான் ஆறல." குழாயை அவள்தான் மூடினாள். அவன் சட்டையை விலக்கி, பழைய முறிவிருந்த இடத்தில் கை வைத்து, "இழுங்க" என்றாள். இழுத்தான். "இன்னும்." இன்னும் இழுத்தான்.

"வலிக்குதா?"

"இல்ல. பயத்துல அடைச்சுது."

சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டான். பிறகு அவன், "அவள விட்டுட்டு என்னால வர முடியல. பொய் சொன்னது தப்பு. ஆனா அது நிஜம்" என்றான்.

அவள் யோசித்தாள். வேலையை விடச் சொல்லலாம், விடுவான், பிறகு தினமும் அந்த முகத்தைப் பார்க்க வேண்டும். விடாதீங்க என்று சொல்லவும் மனம் வரவில்லை.

"தங்கச்சியோட நீ வீட்டுக்குப் போ" என்றான்.

"சாயங்காலம் மறுபடி பேசப் போறீங்கல்ல?"

"பலூன எல்லாம் அவுக்கச் சொல்லிட்டேன். அவ வந்தா பேசுவேன்."

"அப்ப இருந்து பாத்துட்டே போறேன்."

"உனக்குப் பயமா இருக்கும்."

"இருக்கட்டும். தெரிஞ்சே பயந்துக்கறேன்."

சாயங்காலம் பாதிக் கூட்டம்தான். அவள் முன்வரிசையில் நின்றாள். யானை வெகுநேரம் கோடியிலேயே நின்றது. அவனும் கோட்டைத் தாண்டாமல் காத்திருந்தான். பிறகு அது ஒவ்வோர் அடியாக வந்து கம்பியருகே நின்று, கேட்காமலே காலைத் தூக்கி வைத்தது. அவன் குந்தி உட்காரும் முன் ஒரு கணம் கூட்டத்தில் அவளைத் தேடினான். அவள் தலையசைத்தாள். அவன் உட்கார்ந்தான்.

"அண்ணி," என்றாள் நாத்தனார் மெதுவாக, "அது என் கை. கொஞ்சம் விடுங்க, எலும்பு நொறுங்கிடும்."

அவள் விடவில்லை.