எண்பது என்று எழுதிய கை

போர்ட் பிளேர் கடைத்தெருவில் கடைக்காரர் நசீருதீன் அந்தப் பழைய நர்ஸ் கடிகாரத்தை எடுத்து உள்ளங்கையில் வைத்தபோது, மங்கையர்க்கரசிக்கு நாடி பார்க்கிற நினைப்பே வரவில்லை. வெள்ளைச் சேலையில் குத்திக்கொண்டால் எப்படி இருக்கும் என்றுதான் வந்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. முப்பது வருஷத்துக்கு முந்திய சாமான், எவளோ வெள்ளைக்கார நர்ஸ் வைத்திருந்தது, கப்பல்காரன் ஒருவன் விற்றுவிட்டுப் போனான் என்றார் நசீருதீன். ஊசியால் மார்பில் குத்தித் தொங்கவிட வேண்டும். எதிரே நிற்கிறவர்களுக்குத் தலைகீழாகத் தெரியும். குனிந்து பார்க்கிறவளுக்கு நேராக இருக்கும். சிவப்பு விநாடி முள் நிற்காமல் ஓடியது. மதுரையில் படிக்கும்போது மேட்ரன் மார்பில் பார்த்த நாளிலிருந்து இருந்த ஆசை. வாங்கிக்கொண்டு டெய்ரி ஃபார்ம் பகுதியில் இருந்த தங்கை வீடு போய்ச் சேருவதற்குள் இருபது தடவையாவது குனிந்து பார்த்திருப்பாள்.

அவள் வேலை பார்த்த தீவில் எட்டுக் கட்டில் ஆஸ்பத்திரி ஒன்றுதான். அங்கிருந்த சுவர்க் கடிகாரத்துக்கு விநாடி முள் கிடையாது. வந்த முதல் வருஷம் அதன் பெரிய முள் ஒரு கோடு நகரும்வரை பார்த்துக்கொண்டே நின்று ஒழுங்காக எண்ணினாள். வாசலில் முப்பது பேர் வரிசையில் நிற்க, அது தோராயமானது. பிறகு அதுவும் போயிற்று. மணிக்கட்டில் விரல் இருக்கும், மனசு அரிசி டிப்போவில் நிற்கும், பேனா எண்பது என்று எழுதும். காய்ச்சல்காரனுக்கு நூறு. ஒன்பது வருஷம். அதற்குள் சிஸ்டர் கையே கடிகாரம் என்று பேராகிவிட்டது. மங்கையர்க்கரசியும், சும்மா சொல்லக்கூடாது, அந்தப் பேரை வேண்டாமென்று சொல்லவில்லை.

லீவு முடிந்து போன வாரம் வந்தவள், நல்ல நாள் பார்த்து அன்று காலைதான் கடிகாரத்தைக் குத்திக்கொண்டு வார்டுக்குள் நுழைந்தாள். ஆயா இந்திராணி, மெடல் வாங்கினாப்புல இருக்கு என்று கேலி செய்தாள். முதல் கட்டிலில் சொக்கலிங்கம். காட்டில் மரம் வெட்டித் தள்ளும் கூப்பில் கட்டை உருண்டு விலாவில் இடித்து ஆறு நாளாகிறது. காய்ச்சலில்லை, அன்றைக்கு டிஸ்சார்ஜ். கூப்புக்குத் திரும்ப ஜீப்பும் வந்து நின்றது. கடிகாரத்தை எல்லாரும் பார்க்கட்டும் என்றே அவன் கையை எடுத்தாள்.

நூற்று முப்பத்திரண்டு.

மறுபடி எண்ணினாள். அதேதான். பாழாய்ப்போன கடிகாரம் ஏமாற்றிவிட்டது என்று சுவர்க் கடிகாரத்தோடு வைத்து ஐந்து நிமிஷம் ஒத்துப் பார்த்தாள். இரண்டும் ஒன்றாகவே ஓடின. சார்ட்டை எடுத்தாள். காலை மாலை, காலை மாலை, எல்லாம் அவளுடைய குண்டுகுண்டான கையெழுத்தில் எண்பது. டிஸ்சார்ஜை நிறுத்திவைத்து, இன்று தொண்ணூற்றாறு, சாயங்காலம் நூற்றுப் பத்து என்று ஏற்றிக்கொண்டே போனால் யாருக்குத் தெரியப்போகிறது? தொண்ணூற்றாறு என்று எழுதியும்விட்டாள். அப்போது சொக்கலிங்கம் தண்ணீர் கேட்டான். இது மூணாவது சொம்பு என்றாள் இந்திராணி. அவன் உதடு வெளுத்திருந்தது. உள்ளே ரத்தம் கசிந்தால் இப்படித்தான் என்று படித்தது அவளுக்கு மறக்கவில்லை. மறந்திருந்தால் எவ்வளவோ தேவலை. ஆபரேஷனுக்குப் போர்ட் பிளேர்தான் போகவேண்டும்; அந்தக் கப்பல் ஜெட்டியில் நின்றது. பன்னிரண்டு மணிக்குப் புறப்பட்டால் அடுத்தது பத்து நாள் கழித்துத்தான்.

டாக்டர் பக்தவத்சலம் பிரசவ அறையில் இருந்தார். குழந்தை பாதி வந்திருந்தது. கையை எடுக்க முடியாது. அவள் சொன்னதைக் கேட்டுத் தலை நிமிராமலே, நேத்து எண்பதுதானே என்றார்.

"பழைய கடிகாரம் சிஸ்டர், மெதுவா ஓடுதோ என்னவோ. உங்க கை என்ன சொல்லுது? எனக்கு அது போதும்."

தப்பிக்க அவரே வழி திறந்து கொடுக்கிறார். வெந்நீர்ச் சட்டியோடு இந்திராணி வேறு வந்து நின்றாள். மங்கையர்க்கரசிக்கு முகமெல்லாம் தீயாய் எரிந்தது.

"கை ஒண்ணும் சொல்லல டாக்டர். நான் எண்ணுறதே இல்ல. நேத்தும் எண்ணல, அதுக்கு முந்தியும் எண்ணல. எண்பதுன்னு எழுதிட்டு வந்தேன்."

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் திட்டவில்லை.

"கப்பலை நிறுத்தச் சொல்லுங்க," என்றார். கொஞ்சம் கழித்து, "சார்ட்டையும் கூட அனுப்புங்க. எதையும் அழிக்காதீங்க."

தொண்ணூற்றாறை அடித்துவிட்டு, பக்கத்தில் நூற்று முப்பத்திரண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். நாலு பேர் சொக்கலிங்கத்தைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு ஜெட்டிக்கு ஓடினார்கள். அவன் மனைவி பொன்னம்மா கப்பலுக்கு ஏறும் பலகையில் கால்வைக்கப்போனவள் திரும்பி வந்து, மங்கையர்க்கரசியின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"இந்தக் கைதான் தாயி கண்டுபிடிச்சுச்சு. எம் புள்ளைக உங்கள மறக்காதுக."

இல்லை பொன்னம்மா என்று சொல்ல வாயெடுத்தாள். ஒன்பது வருஷத்தில் எத்தனையோ பேர் இந்தப் பலகையில் ஏறிப் போயிருக்கிறார்கள், சிலர் திரும்பவில்லை. சார்ட்டைப் பொன்னம்மா கையில் திணித்து, "ஏறுங்க, பலகையை எடுக்கப்போறாங்க," என்றாள்.

கப்பல் நகர்ந்தபோது மழை பிடித்துக்கொண்டது. மேல்தளத்தில் பொன்னம்மா தலையை நனைய விட்டுவிட்டு, அந்தச் சார்ட்டில் ஒரு சொட்டுப் படாமல் முந்தானையால் சுற்றி மார்போடு அணைத்தபடி நின்றாள்.