மூன்று மூடி

ஓஸ் பைப்பை மீன் தொட்டிக்குள் விட்டுவிட்டு பிரேமலா ஹாலைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவளுடைய அண்ணன் திருச்செல்வத்தைத் தூக்கிக்கொண்டு போய் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. குளித்துவிட்டு ஈரத்தலையோடு வந்த சந்திரமதி, நேராகப் போய்க் குழாயை மூடினாள்.

"சாவு வீட்ல பழைய தண்ணி நிக்கக்கூடாதுல்ல அண்ணி. குடம், வாளி எல்லாம் கவுத்துட்டேன். இதுலயும் பாதியாச்சும் மாத்துவோமேன்னு பார்த்தேன்."

குளோரினை முறிக்கிற மருந்தையும் அரை மூடி ஊற்றிவிட்டாளாம். அண்ணன் அப்படித்தான் ஊற்றுவார், பார்த்திருக்கிறாளாம்.

பார்த்தது சரிதான். ஆனால் அது வாளிக் கணக்கு. திருச்செல்வம் வாளியில் தண்ணீர் பிடித்து, மருந்து கலந்து, பிறகுதான் தொட்டியில் விடுவார். தன் இனிப்புநீர் நோய்க்கான மாத்திரையை மறந்தாலும் மறப்பாரே தவிர, இதில் ஒரு சொட்டு பிசக மாட்டார். மீன்களோடு மணிக்கணக்கில் பேச்சு வேறு. கட்டின பெண்டாட்டியிடம் இவ்வளவு பேசியிருக்கிறீர்களா என்று கேட்டுக் கேட்டு சந்திரமதிக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். போன வருடம் ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டே அவளுக்குப் போன் போட்டார்.

"பைப்ப நேரா தொட்டியில விட்டா புதுத் தண்ணிக்கு மட்டும் அளக்காத லா. முழுத் தொட்டிக்கும் போடணும். மூணு மூடி."

ஊசி போட்டார்களா என்று கேட்டால் மீன் கதை பேசுகிறாரே என்று அன்றைக்கு அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

இப்போது தங்கமீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. செவுள்கள் படபடவென்று அடித்துக்கொண்டன. நேற்றுக் காலை பசியாறிவிட்டு நாற்காலியில் சாய்ந்தவர் நோவு நொடி இல்லாமல் போனார். நல்ல சாவு என்று அக்கம்பக்கம் சொன்னதில் அவளுக்கும் நிறைவுதான். அழ வேண்டியதை அழுதும் தீர்த்துவிட்டாள். இதுகளும் இன்றைக்கே போனால்தான் அவளால் தாங்க முடியாது.

மகன் வந்து பார்க்கட்டும், நீங்கள் உட்காருங்கள் என்றாள் பிரேமலா. சந்திரமதி அதைக் காதில் வாங்காமல் பாட்டிலை எடுத்தாள். அரை மூடி ஏற்கெனவே போயிருக்கிறது, மிச்சம் இரண்டரை. முதலில் இரண்டு ஊற்றினாள். அரை மூடியை வெளிச்சத்தில் பிடித்து அளந்தாள்.

"இன்னும் கொஞ்சம் ஊத்துங்க அண்ணி, பயமா இருக்கு."

"கூடவும் கூடாது."

அதைச் சொன்ன குரல் அவளுக்கே அவர் குரலாகக் கேட்டது. ஊற்றிவிட்டு, அவர் செய்வதுபோலவே கையை விட்டு மெதுவாகக் கலக்கினாள்.

சுடுகாட்டிலிருந்து மகன் ரூபேந்திரன் திரும்பி வந்தபோது அவள் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். மீன்கள் கீழே இறங்கி அசதியோடு நீந்திக்கொண்டிருந்தன. பெரியது மட்டும் வழக்கம்போல நாற்காலிப் பக்கம் வந்து கண்ணாடியில் மூக்கை வைத்தது.

"தண்ணி மாத்துன அன்னைக்குச் சாப்பாடு கிடையாது. தெரியும்ல?" என்று அதனிடம் சொன்னாள்.

ரூபேந்திரன் திறந்து கிடந்த பாட்டிலை எடுத்து மூடி வைத்தான்.