போட்டாச்சு

சப்னா செய்தது நல்ல எண்ணத்தில்தான். அலுமாரியின் மேலே வருஷக் கணக்காகக் கிடந்த பிஸ்கட் டின்னை இறக்கி, உள்ளே இருந்த கண்ணாடித் துண்டுகளை ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் படமெடுத்து, 'எங்கட வாப்பா வேலை செஞ்ச கார்த் தியேட்டர்' என்று பேஸ்புக்கில் போட்டுவிட்டாள். வாப்பா சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தாள். தகப்பன் நளீரோ டின்னின் அடியைத்தான் முதலில் பார்த்தார்.

“எல்லாத்தையும் போட்டயா மகள்?”

“ஓ வாப்பா. அடியில பேப்பர்ல சுத்தி ஒண்டு ஈந்திச்சே, அதையும்தான்.”

அந்த ஒன்றை அவர் சுத்தி வைத்ததே யார் கண்ணிலும் படக்கூடாது என்றுதான்.

வத்தேகம வீதியில் அந்தத் தியேட்டர் இருந்தது அறுபது தாண்டியவர்களுக்குத்தான் ஞாபகம் இருக்கும். கூரையும் கிடையாது, கதிரையும் கிடையாது. பெரிய வெள்ளைச் சுவர், அதற்கு முன்னால் சரிவான மைதானம். வாகனத்தோடு உள்ளே போய் வாகனத்திலேயே இருந்து படம் பார்க்க வேண்டும். கண்டி நகரத்துக் கார்க்காரர்களை நம்பித்தான் முதலாளி அதைக் கட்டினார். அவர்கள் நாலு கிழமை வந்தார்கள், அலுத்துப்போனார்கள். வந்து நிறைந்ததெல்லாம் தேயிலைத் தோட்டத்துச் சனம். வாகனத்துக்கு ஒரு டிக்கெட் என்று போர்டு எழுதி வைத்த புத்திசாலி யாரோ தெரியாது, ஒரு கொழுந்து லொறியில் நாற்பது பேர் வந்து, கீழே இறங்காமலே படம் பார்த்துவிட்டுப் போனார்கள். முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு டெலிவிஷன் வந்தது, பிறகு நாடு கெட்டது, தியேட்டரை மூடிவிட்டார்கள். இன்றைக்கு அங்கே பழைய வாகனம் விற்கிறார்கள். அவையும் அதே சுவரைப் பார்த்துத்தான் வரிசையாக நிற்கின்றன. நளீர் அந்தப் பக்கம் போவதில்லை.

அங்கே அவருக்கு வேலை சிலைட் எழுதுவது. கண்ணாடித் துண்டில் கறுப்பு மை பூசிக் காயவைத்து ஊசியால் கீறினால், எழுத்து சுவரில் ஆளுயரத்துக்கு வெள்ளையாக விழும். அடுத்து வரும் படம், கடை விளம்பரம், அவசரமாக யாரையாவது கூப்பிட வேண்டுமென்றால் அந்த ஆளின் பேர். ஆனால் படம் ஓடும்போது சிலைட் போட்டால் அவ்வளவுதான், மைதானத்து வாகனமெல்லாம் சேர்ந்து ஹோர்ன் அடிக்கும். ஒரு தடவை பாட்டு நடுவே யாரோ ஒரு டொக்டரின் பேரைப் போட்டதற்கு, முதலாளி நளீரை எல்லோர் முன்னாலும் வாய்க்கு வந்தபடி ஏசினார்.

அடுத்த ஞாயிறு இரவுக் காட்சியில்தான் அது நடந்தது. ஆயிரத்துத் தொளாயிரத்து எண்பத்திரண்டு. வாசலில் ஒரு வான் வந்து நின்றது. அதிலிருந்து குதித்து ஓடி வந்தவனுக்கு இருபத்தைந்து வயதிருக்கும். நளீரை அண்ணன் முறையில் நானா என்று கூப்பிட்டான்.

“மடுல்கெல்ல தோட்டத்து லொறியில என் தங்கச்சி ரத்தினம்மா இருக்கு நானா. ஒடனே வாசலுக்கு வரச் சொல்லுங்க.”

நளீர் 'மடுல்கெல்ல ரத்தினம்மா வாசலுக்கு வரவும்' என்று சிலைட்டைக் கீறி முடித்துவிட்டுத் திரையைப் பார்த்தார். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் பத்து நிமிஷத்தில் ரீல் மாறும், அப்போது போட்டால் ஆயிற்று என்று நினைத்தார். திரும்ப வாசலுக்கு வந்து அவனிடம் சொன்னது ஒரே ஒரு சொல்.

“போட்டாச்சு.”

வாசல் இருந்தது சுவருக்குப் பின்பக்கம். அங்கே நிற்பவனுக்குத் திரையில் என்ன விழுகிறது என்று தெரியாது. அவன் நம்பினான். ரீல் மாறுகிற நேரம் நளீர் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார், வானைக் காணவில்லை. ஆள் போய்விட்டான், காரியம் எப்படியோ முடிந்திருக்கும் என்று சிலைட்டை மேசையில் வைத்துவிட்டு இருந்த இடத்திலேயே இருந்துவிட்டார். அதற்குச் சோம்பல் என்பதைத் தவிர வேறு பேர் கிடையாது.

ஒரு மாதம் கழித்து மடுல்கெல்ல லொறிச் சாரதி ஜெயராஜ் பேச்சுவாக்கில் சொன்னார். அந்த வானுக்குள் ரத்தினம்மாவின் அம்மா படுத்திருந்தாள். கண்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிற வழியில் மகளையும் ஏற்றிக்கொள்ளத்தான் நிறுத்தியிருக்கிறார்கள். மகள் பேரைச் சொல்லிக்கொண்டே இருந்தவள், உயிரோடு ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை.

“பேரைப் போட்டுமே எந்திரிக்காம படம் பார்த்துக்கிட்டு இருந்துச்சாம் அந்தப் புள்ள. அண்ணன்காரன் கறுப்பையா அது மொகத்துலயே முழிக்கிறதில்ல” என்றார் ஜெயராஜ்.

அன்றைக்கே வாயைத் திறந்திருக்கலாம். கேட்க ஆள் முன்னால் நின்றது, செய்தி கொண்டுபோக லொறி பக்கத்தில் நின்றது. நளீர் “அப்படியா” என்று மட்டும் சொன்னார். அந்தச் சிலைட்டை உடைத்துப் போடவும் மனசு வரவில்லை, வெளியே எடுக்கவும் தைரியம் வரவில்லை.

சப்னா படம் போட்ட இரண்டாம் நாள், டிலானி என்று ஒரு பிள்ளையிடமிருந்து செய்தி வந்தது. 'இது எங்க அம்மா பேரு. அம்மா ஒங்க வாப்பாவைப் பார்க்கணும்ங்கிறாங்க.'

ரத்தினம்மா தனியாகத்தான் வந்தாள். தலை நரைத்து, ஒரு பக்கம் சாய்ந்து நடந்தாள். கதிரையின் நுனியில் இருந்துகொண்டு கண்ணாடித் துண்டை வாங்கிப் பார்த்தாள்.

“நானா, ஒண்ணே ஒண்ணு கேக்கணும். இதப் படத்துல எந்த எடத்துல போட்டீங்க?”

நளீர் சப்னாவைப் பார்த்தார்.

“நான் கண்ணெடுக்காமத்தான் பார்த்துக்கிட்டு இருந்தேன். ஒரே ஒரு வாட்டி குனிஞ்சு, பக்கத்துல இருந்த புள்ளைக்குக் கச்சான் கடலை உரிச்சுக் குடுத்தேன். அந்த நேரம்தான் போட்டிருப்பீங்க. அன்னையிலிருந்து நான் கச்சான் தொடுறதில்ல. அண்ணன் வைஞ்சதுல தப்பே இல்லைன்னு எனக்குத் தெரியும். இருந்தாலும் எந்த எடம்னு தெரிஞ்சா ஒரு ஆறுதல்.”

தப்பிக்க வழியை அவளே திறந்து வைத்திருந்தாள். 'ஓ தங்கச்சி, அந்த நேரம்தான்' என்றால் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போய்விடுவாள். சப்னாவும் வாப்பாவை மரியாதையாகவே பார்த்துக்கொண்டிருப்பாள். நாற்பத்து மூன்று வருஷம் காத்த வாயை இன்னும் ஒரு நிமிஷம் காத்தால் போதும். ஆனால் அவள் தொடாத அந்தக் கச்சான் நளீரை விடவில்லை.

“போடல்ல தங்கச்சி” என்றார். “நான் போடவே இல்ல. போட்டாச்சுண்டு ஒங்கட நானாக்கிட்டப் பொய் சென்னன். புறகு தெரிஞ்சும் செல்லாம ஈந்திட்டன். மாப்புக் கேக்குறன்.”

ரத்தினம்மா அழவில்லை. சப்னாதான் வாயைப் பொத்திக்கொண்டாள்.

“எங்கம்மா வாசல்ல படுத்திருந்தாங்க நானா” என்றாள் ரத்தினம்மா. “சத்தம் போட்டா கேக்குற தூரம்.” கண்ணாடித் துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தாள். “எங்கிட்ட மாப்புக் கேக்காதீங்க. அண்ணன் ஹேவாஹெட்டையில மகன் வீட்டுல இருக்காரு. நான் சொன்னா நம்ப மாட்டாரு. நீங்க வந்து சொல்லுங்க.”

அப்படியே இருவரும் ஓட்டோ பிடித்துப் புறப்பட்டார்கள். மலைப்பாதை நெடுக வளைவுகள். முதலாளி ஏசியது, ஹோர்ன் சத்தம், பத்து நிமிஷம்தானே என்று நினைத்தது எல்லாவற்றையும் நளீர் மனசுக்குள் அடுக்கி வைத்துக்கொண்டு வந்தார்.

வீட்டு முன்னால் வெயில் காய்ந்துகொண்டிருந்த கறுப்பையா, தங்கச்சியைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நளீர் முற்றத்திலேயே நின்றார். அடுக்கி வைத்த நியாயம் ஒன்றாவது வாய்க்கு வரவேண்டுமே!

“அண்டைக்குக் கார்த் தியேட்டர்ல போட்டாச்சுண்டு சென்னவன் நான்தான். அது பொய். அந்தப் பேர் திரையில விழவே இல்ல. தங்கச்சி மேல குத்தமில்ல.”

ரத்தினம்மா கண்ணாடித் துண்டை நீட்டினாள். கறுப்பையா அதை வெயிலுக்கு நேரே பிடித்து எழுத்துக் கூட்டிப் படித்தார்.

“நான் உள்ள ஓடிவந்து தேடியிருக்கணும்” என்றார். அது நளீருக்குச் சொன்னதல்ல. பிறகு தன் பக்கத்தில் கிடந்த பெஞ்சைத் தொட்டார். “ஒக்காரு புள்ள.”

ரத்தினம்மா உட்கார்ந்தாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது, அதுவும் சத்தமாக.

நளீருக்குக் கதிரை போட யாரும் வரவில்லை. போடாததுதான் நியாயம் என்று அவருக்கும் பட்டது. ஓட்டோ பக்கம் திரும்பினார். கறுப்பையா அவரைப் பார்க்காமலே உள்ளே குரல் கொடுத்தார்.

“ஜெயராணி, அந்த ஆளுக்கும் தேத்தண்ணி போட்டியா?”

“போட்டாச்சு மாமா” என்றாள் மருமகள்.

அதே சொல். நளீர் நகராமல் குசினி வாசலையே பார்த்துக்கொண்டு நின்றார். சொன்னபடியே, அந்தப் பிள்ளை ஆவி பறக்க மூன்று கோப்பையோடு வெளியே வந்தாள்.