கடல் சாப்பிட வந்த கடை

ரியெக்கா நகரத்தில் கடல் தெருவேறி வந்து ஸ்மில்யானா பெர்ச்சிச்சின் சாப்பாட்டுக் கடை வாசலில் நின்றது ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். முழுக் கடலும் அல்ல. ஓர் ஆள் அகலத்துக்கு, முழங்கால் உயரத்துக்கு, அதிலிருந்து பிரிந்த ஒரு வால் மட்டும். துறைமுகச் சுவரைத் தாண்டி, ரிவா சாலையில் சிவப்பு விளக்குக்கு மற்றவர்களோடு நின்று, பச்சை விழுந்ததும் கடந்து, கொர்சோ கடைவீதியில் காப்பி குடித்துக்கொண்டிருந்தவர்களின் கால் நனையாதபடி ஒதுங்கிப் போய், சாய்ந்த மணிக்கூண்டுக்குப் பின்னாலிருக்கும் சந்துக்குள் நுழைந்தது. கடைக்குள் சோள ரொட்டி வெந்துகொண்டிருந்தது. கடல் வாசற்படிக்குக் கீழேயே நின்றுவிட்டது. உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவர் எழுந்து வந்து, துருப்பிடிக்குமே என்று தன் சைக்கிளை நகர்த்தி வைத்துவிட்டு மறுபடி போய்ச் சாப்பிட்டார்.

பக்கத்தில் பெண்களுக்கு முடி வெட்டும் கடை வைத்திருந்த மஃபால்டாதான் குரல் கொடுத்தாள். "ஸ்மில்யானா, வெளிய வா. உன்னைப் பாக்க ஆள் வந்திருக்கு."

"யாரு?"

"நீயே வந்து பாரேன். நல்லா நனைஞ்சு போய் நிக்குது."

ஸ்மில்யானா கையைத் துடைத்தபடி வந்து பார்த்தாள். அவள் முகம் இறுகியது. "இவளா?" என்றவள், உள்ளே போய் விளக்குமாற்றை எடுத்து வந்தாள். "போடி. உனக்கு இங்க ஒண்ணும் கிடையாது." கடல் ஒரு சாண் பின்வாங்கி, அங்கேயே நின்றது. கடை சாத்துகிற வரைக்கும் நின்றுவிட்டுத்தான் போனது.

அந்த ஊரில் மாலுமிகளின் மனைவிமார் கடலைச் சக்களத்தி என்று சொல்வது வழக்கம்தான். மற்றவர்கள் விளையாட்டுக்குச் சொன்னார்கள், ஸ்மில்யானா விளையாட்டுக்குச் சொன்னதில்லை. அவள் கணவன் விங்கோ சரக்குக் கப்பலில் சமையல்காரனாக இருந்தான். வருஷத்தில் முக்கால்வாசி நாள் தண்ணீர் மேல். வீட்டுக்கு வந்த நாட்களிலும் சமையலறை ஜன்னலருகே நின்று, கூரைகளுக்கு நடுவே தெரிகிற நீலத் துண்டையே பார்த்துக்கொண்டிருப்பான். ஒருமுறை கப்பல் பழுதாகி மெக்சிகோவின் வெராகுரூஸ் துறைமுகத்தில் கிடந்தபோது, அங்கே தள்ளுவண்டி வைத்திருந்த ஒரு பெண்ணிடம் டாக்கோ வாங்கித் தின்றான். கல்லில் சுட்ட சின்னச் சோள ரொட்டி, அதற்குள் பொரித்த மீன், வெங்காயம், மிளகாய்ச் சாந்து, மேலே எலுமிச்சை பிழிந்து மடித்துக் கொடுப்பது. நின்றபடி தின்றான், மறுபடி வாங்கித் தின்றான், பிறகு வண்டிக்குப் பின்பக்கம் போய், எனக்கும் சொல்லிக்கொடு என்று கேட்டான். அதிலிருந்து ஒவ்வொரு விடுமுறைக்கும் வீட்டில் சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து ஊறப்போட்டு, தோல் கழுவி, அரைத்து, தட்டிப்போடுவான். சோள மாவைக் கூழாகக் கிண்டிப் பழகிய ஊர் அது. கிண்டி இறக்குகிற மாவை எதற்கு இந்தப் பாடு படுத்துகிறான் என்று மாடிவீட்டுக்காரர்கள் சிரித்தார்கள். கொத்தமல்லித் தழையை முகர்ந்து பார்த்துவிட்டு மூட்டைப்பூச்சி நாற்றம் என்றார்கள். ஆனால் கூப்பிட்டால் வந்து தின்றார்கள்.

அதே வெராகுரூஸுக்குப் பக்கத்தில், அலையே இல்லாத ஒரு சாயங்காலம், சமையலறைக் கழிவைக் கொட்டுவதற்காகக் கப்பலின் பின்பக்கம் போன விங்கோ திரும்பி வரவில்லை. வாளி மட்டும் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தது. கப்பல்காரர்கள் அவனுடைய பையை அனுப்பிவைத்தார்கள். கூடவே, அவளுக்காக அவன் வாங்கி வைத்திருந்த மூன்று கால் கறுப்பு அம்மிக்கல் ஒன்றும் வந்தது. அதைத் தூக்கி எறியத்தான் ஸ்மில்யானா நினைத்தாள், தூக்க முடியவில்லை. சில வருஷம் அதில் கால் விரலை இடித்துக்கொண்டே வாழ்ந்தாள். அவள் வேலை பார்த்த காகித ஆலையை மூடி வேலை போனபோது, ஒருநாள் அந்தக் கல்லுக்கு முன்னால் உட்கார்ந்து கொஞ்சம் சோளத்தை வைத்து அரைத்துப் பார்த்தாள். கடை அப்படித்தான் ஆரம்பமானது.

அங்கே உட்கார்ந்து சாப்பிட ஓரத்தில் ஒரே ஒரு மேசைதான். மற்றவர்களுக்குச் சுவரோரம் ஒரு பலகை, அதன்மேல் தட்டு, நின்றபடி தலையை ஒருபக்கம் சாய்த்துத் தின்ன வேண்டும். மத்தி மீனைச் சோள மாவில் புரட்டிப் பொரித்து, புளிக்கவைத்த முட்டைக்கோஸை வைத்து, தீவுகளிலிருந்து வரும் ஆட்டுப்பால் சீஸைத் துருவிப் போட்டுக் கொடுப்பாள். மிளகாயை ஜன்னலில் தகர டப்பாக்களில் வளர்த்தாள். மலையிறங்கி வரும் புரா காற்று அடித்த வாரங்களில் பறித்த மிளகாய்க்கு மட்டும் கோபம் அதிகம். தின்றவர்கள் முதல் வாய்க்குப் பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். தாங்கள் போயிராத ஒரு துறைமுகம் அவர்களுக்கு ஞாபகம் வரும்: பனைமரங்கள், வெயிலில் வெளிறிய படிகள், எங்கேயோ ஒரு வாத்தியக் கோஷ்டி, ஒரு தள்ளுவண்டி. கிரேன் ஓட்டுகிற ஷிமே வண்டி நீலம் என்பார். ஆஸ்பத்திரி முடிந்து வரும் நர்ஸ்கள் பச்சை என்பார்கள். இதற்காகச் சண்டைகூட வந்திருக்கிறது. ஸ்மில்யானா ரொட்டியைத் திருப்பிப் போட்டபடி, யாருக்கோ கேட்பதுபோலக் கேட்பாள்: "அங்க உயரமா, வெள்ளை ஏப்ரன் கட்டின ஆள் யாராச்சும் நின்னாங்களா?" இல்லை என்பார்கள். அவள் அடுத்த ரொட்டியைத் தட்டுவாள்.

கடல் தினமும் வரத் தொடங்கியது. ரொட்டி மணம் கிளம்பியதும் துறைமுகத்திலிருந்து புறப்பட்டுவிடும். விளக்குமாற்றால் விரட்டினால் ஒதுங்கும், வசவுகளைக் கேட்டுக்கொள்ளும், போகாது. மஃபால்டாவின் வாடிக்கையாளர்கள் தலையில் சுருள் மாட்டியபடி காலைத் தூக்கி வைத்துக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். இதில் ஒரு சிரமம் இருந்தது. கடல் சந்துக்குள் நிற்கும் நேரத்தில் துறைமுகத்தில் நீர்மட்டம் இறங்கி, படகுகள் சேற்றில் சாய்ந்தன. தீவிலிருந்து வரும் பயணிகள் கப்பல் வெளியே காத்துக்கிடந்தது. துறைமுகத் தலைவர் லோவ்ரோ கிராபார் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கடைக்கு வந்தார்.

"அம்மா, ஒரே ஒரு ரொட்டி குடுத்து அனுப்பிடுங்களேன். பாவம், பசியோட நிக்குது."

"ஒரு முழு ஆளைத் தின்னுச்சே காப்டன், அந்தப் பசி இன்னுமா அடங்கல?"

கிராபார் தொப்பியைப் பலகைமேல் வைத்தார். இரண்டு டாக்கோ தின்றுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, மிளகாய்தான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வருஷம் இலையுதிர்கால முடிவில், கூட்டம் நிறைந்திருந்த ஒரு மத்தியானம், ஸ்மில்யானா ஒரு தட்டோடு வாசலுக்கு வந்தாள். கடல் லேசாக நிமிர்ந்தது. அவள் தட்டைக் கீழே வைக்கவில்லை. "இங்க பாரு. அவனைக் கொண்டா. கொண்டு வந்து இந்த மேசைல உக்கார வை. அப்புறம் உனக்கும் ஒரு தட்டு வைக்கிறேன். அதுவரைக்கும் இந்தப் பக்கம் வராத." கடல் ஒரு சாண் பின்வாங்கியது. பிறகு திரும்பிச் சந்துக்கு வெளியே போனது. கொர்சோவில் அது போன தடம் காய்ந்து வெள்ளை உப்பாகத் தெரிந்தது.

அன்றிலிருந்து துறைமுகத்தில் தண்ணீர் இருந்தது, கடல் இல்லை. ஏரிபோல அசையாமல் கிடந்தது. உப்பு வாசனை போயிற்று. வலையில் ஒன்றும் விழவில்லை. கடற்காகங்கள் என்ன செய்வதென்று தெரியாமல் தெருவில் நடந்தே திரிந்தன. மீனவர்கள் ஸ்மில்யானாவைக் கண்டால் மறுபக்கம் பார்த்தார்கள். யாரோ அவளுடைய மிளகாய் டப்பாக்களைக் கவிழ்த்துவிட்டுப் போயிருந்தார்கள். மத்தி கிடைக்காததால் அவள் அவித்த பீன்ஸை வைத்து டாக்கோ கொடுத்தாள். தின்ன வருகிறவர்களும் குறைந்துபோனார்கள்.

"என் கடைக்கு வர்றவளுங்க எல்லாம் உன்னைத்தான் திட்டுறாளுங்க" என்றாள் மஃபால்டா. "நானும் சீப்பால நல்லா ஒரு இழுப்பு இழுத்து விடறேன். ஆனா நீயும் சொல்லுடி. அவன் வந்துட்டா என்ன பண்ணுவ?"

"தெரியல."

"வரலைன்னா?"

ஸ்மில்யானா பீன்ஸைக் கிளறிக்கொண்டே இருந்தாள்.

குளிர்காலம் முழுக்க அவளுக்குத் திட்டுவதற்கு ஆள் இல்லை. மத்தியானம் ரொட்டி வெந்ததும் கை தானாக விளக்குமாற்றைத் தேடும். வாசல் காய்ந்து கிடக்கும். இத்தனை மாதமும் விங்கோவைப் பற்றி விடாமல் பேசிக்கொண்டிருந்தது அந்தச் சக்களத்தி ஒருத்தியிடம்தான் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வேறு யாருக்கு அவனைத் தெரியும்? அவன் தூக்கத்தில் விசிலடிப்பது, சூடான பாத்திரத்தைத் தொட்டால் காது மடலைப் பிடித்துக்கொள்வது, எல்லாம் தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர்தான். அதில் ஒருத்தியை அவளே விரட்டிவிட்டாள். குளிர் விலகத் தொடங்கிய ஒரு காலையில் அவள் ஒரு டாக்கோவைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு துறைமுகச் சுவருக்குப் போனாள். கல்மேல் அதைப் பிரித்து வைத்தாள். செத்த தண்ணீரைப் பார்த்து, பக்கத்திலிருந்த மீனவர்களுக்குக் கேட்கும்படியே சொன்னாள்: "வா. அவன் இல்லாட்டியும் பரவால்ல. நீ சும்மா வா."

மே மாதத்தில் ஒருநாள் மத்தியானம் முதலில் வாசனை வந்தது. கடற்காகங்கள் ஒன்றாக எழும்பின. படகுகள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டு ஆட்கள் வங்கியிலிருந்தும் பள்ளியிலிருந்தும் வெளியே ஓடிவந்தார்கள். கடல் களைத்துப்போயிருந்தது. ரிவா சாலையில் பச்சை விழுந்த பிறகும் கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டுத்தான் கடந்தது. அதன்மேல் இந்தப் பக்கத்தில் யாரும் பார்த்திராத பாசியும், ஒரு மாவிலையும் மிதந்தன. அதற்குள்ளே, முழங்கால் வரை தண்ணீரில், வெள்ளை ஏப்ரனோடு விங்கோ நடந்து வந்தான். புருவத்தில் சின்னச் சிப்பிகள் ஒட்டியிருந்தன. மற்றபடி காணாமல் போன அன்று எப்படியோ அப்படியே இருந்தான்.

அவன் ஓரத்து மேசையில் உட்கார்ந்தான். ஸ்மில்யானா ரொட்டிக் கல்லைப் பார்த்தபடியே நின்றாள்.

"எத்தனை?" என்றாள்.

"நாலு."

நாலையும் மடித்து எடுத்து வந்து வைத்த பிறகுதான் நிமிர்ந்து பார்த்தாள். அவளுக்குத் தலை பாதி நரைத்திருந்தது.

"நீ என்ன இப்படிச் சின்னப் பையனா இருக்க?"

"நீதான் எனக்காக நிக்காம முன்னாடி போயிட்ட" என்றான் விங்கோ.

தலையைச் சாய்த்து ஒரு வாய் கடித்தான். கடையில் யாரும் மெல்லவில்லை. "கொத்தமல்லி பத்தல."

"இங்க அதை மூட்டைப்பூச்சி நாத்தங்கறாங்களே."

"இன்னுமா?" என்றான். முதலில் ஷிமே சிரித்தார், பிறகு எல்லோரும். அந்தத் தைரியத்தில் ஷிமே தள்ளுவண்டி என்ன நிறம் என்று கேட்டுவிட்டார். மஞ்சள் என்றான் விங்கோ. நர்ஸ்கள் நம்பவில்லை.

ஸ்மில்யானா இன்னொரு தட்டு எடுத்தாள். வாசலுக்குப் போய், கடலிடம், "உள்ள வா. வெயில்ல நிக்காத" என்றாள். கடல் முதல்முறையாகப் படியேறி, மேசைக்கு அடியில் வந்து சுருண்டுகொண்டது. தட்டில் இருந்ததைத் தின்றது. மிளகாய் உறைத்திருக்க வேண்டும், கொஞ்சம் நுரைத்தது.

ஒன்றை ஸ்மில்யானா கவனித்தாள். கடல் புரண்டு படுக்கும்போது விங்கோவின் பாதத்தை விட்டுத் தண்ணீர் நழுவினால், அவன் உதடு நீலமாகி, மூச்சு நின்றுவிடுகிறது. தண்ணீர் திரும்பத் தொட்டதும் விட்ட இடத்திலிருந்து பேசுகிறான். அவள் அவன் தோளில் கை வைத்தாள். குளிர்ந்திருந்தது, ஆனால் அவனுடைய தோள்தான்.  பிறகு குனிந்து, மேசைக்கு அடியில் பார்த்துச் சொன்னாள். "சரி. மத்தியானம் எனக்கு. மிச்ச நேரமெல்லாம் நீ வச்சுக்க. நேரத்துக்குக் கூட்டிட்டு வந்துடணும், சொல்லிட்டேன்." கடல் தரையில் ஒரு சின்ன அலை அடித்துச் சம்மதித்தது. விங்கோவிடம் யாரும் கேட்கவில்லை. அவனுக்கும் ஆட்சேபம் இருந்ததாகத் தெரியவில்லை; அவன் வெங்காயம் நறுக்கக் கத்தி கேட்டுக்கொண்டிருந்தான்.

துறைமுகத் தலைவர் கிராபார் தீவுக் கப்பலின் நேரத்தை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு என்று மாற்றி வைத்தார். மத்தி திரும்பி வந்தது. இதைத் திருமணம் என்று சொல்லலாமா என்று யாரோ பாதிரியாரிடம் கேட்டார்கள். அவர் நேரில் வந்து பார்த்து, மூன்று டாக்கோ தின்று, நாளைக்கும் வந்து யோசிக்கிறேன் என்றார், இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார். வருஷங்கள் போயின. ஸ்மில்யானாவுக்குத் தலை முழுக்க வெளுத்தது. வெளியூர்க்காரர்கள் விங்கோவை அவள் மகன் என்று நினைத்து, பையன் நன்றாகச் சமைக்கிறான் என்று பாராட்டினார்கள். அவள் தலையாட்டி ஏற்றுக்கொண்டாள். அவளுக்கு முழங்கால் வலி வந்தபோது, மத்தியானங்களில் அவளும் அந்த மேசையில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக் காலை நீட்டுவாள், கடல் அவள் காலை வெதுவெதுப்பாக நனைக்கும், அதன் வால் முனையில் கால் நனைத்தபடி விங்கோ ரொட்டி சுடுவான். இப்போதும் அந்தக் கடையில் ஓரத்து மேசைக்கு அடியில் தரை ஈரமாகத்தான் இருக்கும். அங்கே இடம் கிடைத்தவர்கள் காலணியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சாப்பிடுகிறார்கள்.