பாண் வானுக்குக் காட்டிய கை

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. புனித அந்தோனியார் மேல் ஆணை. எழுபத்தெட்டு வயதில் பொய் சொல்லி நான் அடையக்கூடியது எதுவுமில்லை. அடைய வேண்டியதை எல்லாம் முன்பே பொய் சொல்லி அடைந்துவிட்டேன்.

விஷயம், வீதியில் கை காட்டுவது பற்றியது. இங்கிலாந்தில் மோட்டர்ஹோம் என்று ஒன்று இருக்கிறது. கட்டில், அடுப்பு, கக்கூசு எல்லாம் வைத்த வீட்டையே ஓட்டிக்கொண்டு போவது. எதிரே இன்னொரு மோட்டர்ஹோம் வந்தால் ஓட்டுகிறவர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்துக் காட்டுவார். அவரும் காட்டுவார். அறிமுகம் வேண்டியதில்லை. பக்கத்து வீட்டுக்காரரின் பெயர் தெரியாமலே முப்பது வருடம் வாழ்ந்த மனிதர்கூட இதில் தவறமாட்டார். ஆனால் காருக்குப் பின்னால் கொளுவி இழுக்கிற கரவன் வந்தால் கை எழாது. கரவனுக்குள்ளும் அதே கட்டில், அதே அடுப்பு, அதே கக்கூசுதான். ஏன் எழாது என்று கண்டுபிடிக்கத்தான் நான் அந்த ஓகஸ்டில் அருட்பிரகாசத்தோடு புறப்பட்டேன்.

அருட்பிரகாசம் குரோய்டனில் இருக்கிறார். உடுப்புத் தோய்க்கிற மெஷின் திருத்துவது தொழில். ஹரோவில் இருக்கிற ஜீவரத்தினமும் அவரும் லண்டனுக்கு வருமுன் ஸ்ருட்காட் நகரத்தில் ஒரே அறையில் மூன்று வருடம் இருந்தவர்கள். அந்த அறைக்கு இருந்தது ஒரே ஒரு குளிர் ஜக்கெற். ஒருவர் வேலையால் வந்து கழற்றினால்தான் மற்றவர் வெளியே போகலாம்.

இப்போது ஜீவரத்தினத்திடம் ஏழரை மீற்றர் மோட்டர்ஹோம். அருட்பிரகாசத்திடம், ஒரு பேக்கரி கழித்துவிட்ட பாண் வான். பாண் தட்டுகளைத் தள்ளிவிடுகிற தண்டவாளங்களில் மெத்தைகளைத் தள்ளிவிட்டு அதைக் காம்பர், அதாவது குட்டி மோட்டர்ஹோம், ஆக்கியிருந்தார். வெளியே எழுதியிருந்த பேக்கரியின் பெயர் அழிந்துவிட்டது. 'தினமும் புதிதாய்' என்ற வரி மட்டும் எந்தத் தின்னருக்கும் மசியவில்லை.

ஈஸ்டர் லீவில் முதல் ஓட்டம், நானும் பக்கத்தில். எதிரே ஜீவரத்தினம் வந்தார். அருட்பிரகாசம் கையைத் தூக்கினார். ஜீவரத்தினம் தலைக்கு மேலே இருந்த கண்ணாடியில் தன் மீசையைப் பார்த்துக்கொண்டு போய்விட்டார்.

"அவர் காணேல்லைப் போல," என்றேன்.

"கண்டவர் அண்ணை. கண்டபடியாத்தான் மீசையைப் பாத்தவர்."

அன்று தொடங்கி நான்கு மாதம், கண்ட மோட்டர்ஹோமுக்கெல்லாம் அருட்பிரகாசம் கை காட்டினார். நூற்றுப் பதினான்கு. திருப்பிக் காட்டியவர் ஒருவர், அவரும் வேர்வை துடைத்தாரோ என்று சந்தேகம். கடைசியில் தோள்மூட்டு இறுகி, கை காதுக்கு மேலே எழும்பாமல் போனது. கையை மூன்று மாதம் ஆறவிடச் சொன்னார் டொக்டர்.

அன்று பின்னேரம் அவருடைய மனைவி பெர்னடெற் வாசலில் நின்று வானைப் பார்த்தார். நானும் நின்றேன்.

"இஞ்சரப்பா, இது காம்பர் எண்டு உங்களைத் தவிர ஒருத்தரும் ஒத்துக்கொள்ளேல்லை. வித்துப்போட்டு மற்ற அலுவலைப் பாருங்கோ."

"ஜீவா அண்ணையே ஒருநாள் கை காட்டுவார். அப்ப தெரியும் உமக்கு."

"எப்ப?"

"பாங்க் ஹொலிடேக்குள்ள."

"காட்டாட்டி?"

அருட்பிரகாசம் வாயைக் கொடுத்துவிட்டார். "காட்டாட்டி செவ்வாய்க்கிழமை விக்கிறன்."

பெர்னடெற் உள்ளே போய் விற்பனை விளம்பரத்தை எழுதி, பிரிட்ஜில் காந்தம் வைத்து ஒட்டினார். கடைசி வரி: 'பாண் மணம் இலவசம்.'

ஜீவரத்தினத்தின் மனைவி குமுதினி, ஓகஸ்ட் கடைசித் திங்கள் லீவான அந்தப் பாங்க் ஹொலிடேக்கு லண்டனின் தென்கிழக்கு மூலையில் மரங்களுக்குள் இருக்கிற ஒரு காம்ப்சைட்டுக்குப் போவதாக வாட்ஸ்அப்பில் போட்டிருந்தார். நல்லதாய்ப் போயிற்று. பாண் வான் இருபது மைலுக்கு மேல் ஓடினால் கொதிக்கும். பெர்னடெற் வர மறுத்துவிட்டார். "தட்டில படுக்க நான் என்ன பாணோ?" என்றார்.

தோள் எழும்பாத மனிதர் எப்படிக் கை காட்டுவது? அருட்பிரகாசம் யோசித்தார். டூட்டிங்கில் என் வீட்டுக்குக் கீழே இருக்கிற சேலைக்கடையில் ஒரு பொம்மையைக் கழித்திருந்தார்கள். அதன் வலது கையை வாங்கிவந்து, பழைய வைப்பர் மோட்டரில் பூட்டி, ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் நிறுத்தினார். மெலிந்த, வெள்ளை, பெண் கை. நகத்தில் சிவப்புப் பூச்சு. நிமிடத்துக்கு நாற்பது தடவை, நளினமாக ஆடியது. சுவிச் வைக்க மட்டும் மறந்துவிட்டார். சாவியைக் கழற்றினாலும் அது நிற்காது.

ஆகவே அது ஆளைப் பார்த்துக் காட்டவில்லை. போகிற வழியில் டிராமுக்குக் காட்டியது. குப்பை லொறிக்குக் காட்டியது. பிரேத வண்டிக்கும் காட்டியது. பின்னால் துக்கக் காரில் இருந்த கிழவி பதிலுக்குக் காட்டினார்.

காம்ப்சைட்டில் இறங்கியதும் நான் மடிக்கும் கதிரையைத் தூக்கிக்கொண்டு விசாரணைக்குப் போனேன். யார் யாருக்குக் கை காட்டுகிறார்கள் என்று கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் குறித்தேன். பேருந்து அளவு மோட்டர்ஹோம்காரர், அதைவிடச் சின்ன மோட்டர்ஹோமுக்குக் கையைக் காட்டுவார், பல்லைக் காட்டமாட்டார். அறுபதாம் ஆண்டுக் குட்டி வான் வைத்திருப்பவர்கள் தங்களுக்குள் மட்டும் இரண்டு விரல் காட்டுவார்கள். மழை ஒழுகுவதை அவர்கள் பெருமையாகச் சொன்னார்கள். கூடாரக்காரர் எல்லாரையும் பார்த்துச் சிரித்தார்கள், அவர்களை ஒருவரும் பார்க்கவில்லை. காரின் கூரைமேல் கூடாரம் விரித்து ஏணியால் ஏறிப் படுக்கிற ஒரு தம்பதியை எங்கே சேர்ப்பது என்று அந்தக் காம்ப்சைட்டில் இன்னும் முடிவாகவில்லை.

கரவன்காரர்தான் எனக்குப் புதிராக இருந்தார்கள். அவர்களிடம் நல்ல கம்பளம், பூச்சாடி, பூச்சாடிக்குக் கீழே விரிக்க ஒரு லேஸ் துணிகூட இருந்தது. வெள்ளைக்காரக் கிழவர் ஒருவரிடம் கேட்டேன், மோட்டர்ஹோம்காரர் ஏன் உங்களுக்குக் காட்டுவதில்லை என்று. "நாங்கள் வீட்டைக் கழற்றி வைத்துவிட்டுக் காரில் கடைக்குப் போவோம். அவர்கள் பாலுக்கும் வீட்டோடுதான் போகவேண்டும். அந்த எரிச்சல்," என்றார். மோட்டர்ஹோம்காரர் ஒருவரிடம் கேட்டேன். "அவர்கள் வீதியை மறிப்பவர்கள்," என்றார். அன்று காலை அவர் வாசலை மறித்து நின்றதால்தான் நாங்கள் உள்ளே வரப் பிந்தியது.

இதற்கிடையில் பாண் வானின் கை நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தது. மூன்று மணி போல அந்தக் கரவன்காரக் கிழவர் தண்ணீர் எடுக்க வந்தவர், அதைக் கண்டு நின்றார். பின்னால் திரும்பிப் பார்த்தார். ஒருவரும் இல்லை. தனக்குத்தான் என்று தெரிந்ததும் வாளியைக் கீழே வைத்தார். நாற்பத்தொரு வருடம் கரவன் இழுத்தவராம், வீதியில் ஒருவரும் அவருக்குக் கை காட்டியதில்லையாம். மனைவியைக் கூட்டிவந்தார். அவர் அடுத்த கரவனுக்குச் சொன்னார். நாலரைக்குப் பாண் வானுக்கு முன்னால் வரிசை நின்றது. ஒருவர் வந்து நின்று, நான்கைந்து ஆட்டுக்குக் கை காட்டிவிட்டு, அடுத்தவருக்கு இடம் விடுவார். சிலர் சுற்றிப் போய்த் திரும்பவும் வரிசையில் நின்றார்கள். அருட்பிரகாசத்துக்கு மூன்று கேக் வந்தது.

மோட்டர்ஹோம்காரர் பொறுக்கவில்லை. கதிரைகளை வட்டமாய்ப் போட்டுக் கூட்டம் வைத்தார்கள். எல்லாருக்கும் காட்டினால் அந்தக் கைக்கு என்ன மதிப்பு என்பது அவர்களுடைய வாதம். ஒரே பாஷை என்றபடியால் ஜீவரத்தினத்தைத் தூது அனுப்பினார்கள்.

"அருள், அந்தக் கையை நிப்பாட்டு."

"ஏலாது அண்ணை. அது வைப்பர் வயரோட சேந்து கிடக்கு. அதை வெட்டினா வைப்பரும் நிண்டிடும். மழைக்கு என்ன செய்யிறது?"

"எங்கையடா மழை?"

"லண்டன்தானே. வரும்."

"நீ கரவனுக்கெல்லாம் காட்டுறாய். சனம் என்னைக் கேக்குது, உன்ரை ஆளோ எண்டு."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

ஜீவரத்தினம் பாண் வானைச் சுற்றிப் பார்த்தார். 'தினமும் புதிதாய்' என்ற வரியை வாசித்தார். "முகம் தெரியும் எண்டு சொன்னனான்," என்றார்.

அருட்பிரகாசம் ஒரு துண்டுக் கேக்கை எடுத்து நீட்டினார். "எனக்கு ஒருக்கா, ஒரேயொருக்கா, ரோட்டில காட்டிவிடுங்கோ அண்ணை. கை வலிக்காது."

"பாண் வானுக்கு நான் காட்டினா நாளைக்குக் கோழி லொறிக்காரனும் எதிர்பார்ப்பான்," என்று சொல்லிவிட்டுப் போனார் ஜீவரத்தினம். கேக்கை மட்டும் வாங்கிக்கொண்டார்.

திங்கட்கிழமை மத்தியானம் ஜீவரத்தினம் எங்களுக்கு முதலே ஹரோவுக்கு வெளிக்கிட்டுவிட்டார். இனி வீதியில் எதிர்ப்பட வழியில்லை, வான் கைவிட்டுப் போனதுதான் என்று அருட்பிரகாசத்துக்கு விளங்கிவிட்டது. மெத்தைகளைத் தட்டித் தட்டி மடித்தார். ஆனால் ஒரு மைல் போனதும், வீதியைக் கிடங்காகக் கிண்டி வைத்த இடத்தில், ஒற்றைப் பாதைக்குத் தற்காலிகச் சிவப்பு விளக்குப் போட்டிருந்தார்கள். எங்களுக்குச் சிவப்பு. கிடங்குக்கு அந்தப் பக்கம் எதிர்த்தாற்போல வந்து நின்றது, ஜீவரத்தினத்தின் மோட்டர்ஹோம். குமுதினி புட்டுப்பானையைக் காம்ப்சைட்டில் மறந்துவிட்டு வந்ததால் திரும்பி வருகிறார்கள். அவர்களுக்கும் சிவப்பு. விளக்குப் பழுது.

பத்து நிமிடமாயிற்று. அருட்பிரகாசத்துக்குப் பழுது என்றால் கை சும்மா இராது. இறங்கிப்போய் விளக்குப் பெட்டியைத் திறந்து, முதுகைக் காட்டிக் குனிந்துவிட்டார். ஆகவே நடந்ததற்கு நான் ஒருவன்தான் சாட்சி. குமுதினி பக்கத்து இருக்கையில் வாயைத் திறந்து நித்திரை.

பொம்மைக் கை ஆடியது. ஜீவரத்தினம் முதலில் மீசையைப் பார்த்தார். பிறகு வேகமானியைப் பார்த்தார், அது பூச்சியம். இன்சூரன்ஸ் கடதாசியை எடுத்து இரண்டு பக்கமும் வாசித்தார். வெயில் மறைப்பை இழுத்துவிட்டார். அதற்குக் கீழாலும் கை தெரிந்தது. அருட்பிரகாசம் குனிந்து எட்டாவது நிமிடம், ஸ்டியரிங்கில் இருந்த அவருடைய இடது கையின் சின்ன விரல் தானாக எழும்பியது. வலது கையால் அதை அமத்தினார். மோதிர விரல் எழும்பியது. அதையும் அமத்தினார். பிறகு அமத்தின கையும் சேர்ந்து எழும்பிவிட்டது.

அவர் காட்டினார். ஒரு கை இல்லை, இரண்டு கையும். சிரித்துக்கொண்டு காட்டினார், ஸ்ருட்காட்டில் ஜக்கெற் அவருடைய முறைக்கு வரும்போது சிரிப்பாரே, அந்தச் சிரிப்பு. அவருக்குப் பின்னால் நின்ற பஸ் டிரைவர் அதைக் கண்டு தானும் காட்டினார். பஸ்ஸின் மேல் தட்டு முழுக்கக் காட்டியது. கிடங்குக்குள் இருந்து மண் அள்ளுகிற ஒரு சவள்கூட எழும்பி ஆடியது.

அந்த நேரம் அருட்பிரகாசம் எந்த வயரைத் தொட்டாரோ, விளக்குப் பச்சை. அவர் ஓடிவந்து ஏறுவதற்கிடையில் ஜீவரத்தினத்தின் கைகள் ஸ்டியரிங்கில் இருந்தன. எங்களைக் கடந்து போகும்போது, மீசையைப் பார்த்துக்கொண்டு போனார்.

குரோய்டனில் பெர்னடெற் பிரிட்ஜுக்கு முன்னால் நின்றார். நான் நடந்ததைச் சொன்னேன். அவர் நேரே ஜீவரத்தினத்துக்குப் போன் எடுத்து, சத்தம் எல்லாருக்கும் கேட்கும்படி மேசையில் வைத்தார்.

"நானோ? காட்டேல்லை, தங்கச்சி," என்றது போன். "ஸ்டியரிங்கில இருந்து கை எடுக்கேல்லை. குமுதினியைக் கேளுங்கோ."

"நான் கண்ணயந்து போனன் பிள்ளை," என்றது குமுதினியின் குரல்.

பெர்னடெற் போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். ஞாயிறு தோறும் கோயிலில் வாசகம் வாசிக்கிற குரல். "சிங்கராயர் அண்ணை. வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ. நீங்கள் கண்டனீங்களோ?"

"கண்டனான்."

"எந்தக் கை முதல் எழும்பினது?"

"இடது. சின்ன விரல் முதல்."

"முகம்?"

"சிரிச்சவர்."

அருட்பிரகாசம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். தோள் எழும்பாத பக்கத்துக் கை கதிரையின் சட்டத்தை இறுக்கிப் பிடித்திருந்தது. பெர்னடெற் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பவும் அவரை அதிக நேரம் பார்த்தார். பிறகு காந்தத்தை எடுத்து, விளம்பரத்தை நாலாக மடித்துக் குப்பை வாளிக்குள் போட்டார்.

"சிரிச்சவரெண்டால் சரி," என்றார். "தேத்தண்ணி குடிப்பம்."

வான் இன்றைக்கும் அவர்கள் வீட்டு வாசலில்தான் நிற்கிறது. போன கிழமையும் போய்ப் பார்த்தேன். போகவரத் தபால்காரருக்குக் கை காட்டிக்கொண்டிருக்கிறது.

காம்ப்சைட்டுக்குப் போகும்போதும் வரும்போதும் நான் பின்பக்கத்தில் மெத்தையில் படுத்திருந்தேன். பாண் வானின் பின்பக்கத்துக்கு யன்னல் கிடையாது.