பல்லில் பட்ட விரல்

இலங்கையில் பலாங்கொடைக்கு மேலே, தேயிலை மலையை ஒட்டிய குகையில் பழங்கால மனிதர்களின் எலும்புகளைத் தேடித் தோண்டிக்கொண்டிருந்தார்கள். கொழுந்து பறிப்பதை விட்டுவிட்டு அங்கே மண் சலிக்கப் போனாள் விஜயகலா. ஒருநாள் சல்லடையில் பழுப்பு நிறப் பல் ஒன்று தங்கியது. கையுறையைக் கழற்றியிருந்த நேரம். வெறும் விரலால் எடுத்துத் துடைத்துத்தான் மாதிரிப் பைக்குள் போட்டாள். யாரும் பார்க்கவில்லை.

மறுவாரம் பல்கலைக்கழகத்திலிருந்து ஆய்வாளர் ஹப்ஸா வந்தாள்.

"அந்தப் பல்லுல மரபணு பாக்கப் போறோம். இங்க வேலை செய்ற எல்லாரோட எச்சிலும் வேணும். கன்னத்துக்குள்ள பஞ்சால தடவினாப் போதும்."

விஜயகலா, கூட மண் சலிக்கும் புஷ்பத்திடம், "எச்சில வச்சு எந்த ஊரு ஆளுங்கன்னு தெரிஞ்சிருமா?" என்று கேட்டாள்.

"பின்ன? இந்தியாவா இலங்கையான்னு எல்லாம் சொல்லிருமாம்."

விஜயகலா யாரிடமும் சொல்லாமல் இறங்கிப் போய்த் தேயிலைச் செடிகளுக்கு இடையில் உட்கார்ந்துகொண்டாள். அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். இன்னும் குனிந்துகொண்டாள். கடைசியில் ஹப்ஸாவே தேடி வந்துவிட்டாள்.

"என்னக்கா, சுகமில்லையா?"

"என்னைய விட்ருங்க மிஸ். எங்க மாமாவ ஒரு காகிதத்தப் பாத்துத்தான் இந்தியாக்காரன்னு கப்பல்ல ஏத்தி அனுப்புனாங்க. எம் புள்ளைங்க இங்க படிக்குதுங்க."

ஹப்ஸா சிரிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இது அதுக்கில்லக்கா. யாராவது பல்லத் தொட்டிருந்தா அவங்க மரபணுவும் ஒட்டியிருக்கும். அதப் பிரிக்கலன்னா, தொட்டவங்களையே அந்தக் காலத்து ஆளுன்னு எழுதிருவோம். ஒருத்தரும் தொடலதானே?"

இல்லை என்று சொல்லிவிடலாம்.

"நாந்தான் தொட்டேன் மிஸ்."

ஹப்ஸாவின் முகம் வெளுத்தது. கிடைத்தது அந்த ஒரு பல்தான். வேலை போயிற்று என்றே விஜயகலா நினைத்தாள்.

"சொன்னது நல்லதுக்கா," என்றாள் ஹப்ஸா மெதுவாக. "இப்ப உங்க எச்சில் கட்டாயம் வேணும்."

"பேரு எழுதக்கூடாது. வேலை முடிஞ்சதும் அழிச்சிரணும்."

அவள் முன்னாலேயே எச்சில் பஞ்சை வைக்கும் குழாயில் ஓர் எண் மட்டும் எழுதினாள் ஹப்ஸா. அழித்துவிடுவதாகப் படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். வாயைத் திறந்தபோது விஜயகலாவின் தாடை ஆடியது. ஹப்ஸா அதைப் பிடித்துக்கொண்டுதான் பஞ்சால் தடவினாள்.

ஏழு மாதம், தோட்டத்துக்குள் ஜீப் ஏறும் சத்தம் கேட்டாலே காகிதத்தோடு யாரோ வருகிறார்கள் என்று விஜயகலா எட்டிப் பார்த்தாள். பிறகு ஒரு மத்தியானம் ஹப்ஸா ஃபோன் பண்ணினாள்.

"உங்க மரபணு மேலாகத்தான் ஒட்டியிருந்துச்சு, பிரிச்சிட்டோம். அது ஒரு பொம்பளையோட பல்லுக்கா. பத்தாயிரம் வருசத்துக்கு மேல இருக்கும்."

"அந்தக் குழாய்?"

"நேத்தே அழிச்சாச்சு."

விஜயகலா வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். பிள்ளைகள் பள்ளிக்கூடத்திலிருந்து வரும் வழியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.